10 பாக்கெட் எடை போட்டேன், ஒரே கணக்குக்கு மூணு விதமா விடை வருது, எதை நம்பறதுங்க?

மஞ்சத்தூள்_ஈரோடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டுல ஒரு மஞ்சத்தூள் பேக்கிங் யூனிட்ல வேலை பாக்கறேன். மெஷின்ல ஹாப்பர் (தூள் கொட்டற பெரிய தொட்டி), அதுக்குக் கீழ ஸ்க்ரூ, அது சுத்தி தூளைக் கவர்ல தள்ளும், சீல் ஆகி விழும். கவர் மேல 200 கிராம்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு 4000 பாக்கெட் கிட்ட ஓடும். எல்லாத்தையும் எடை போட முடியாதுல்லீங்க, அதனால போன வாரம் 10 பாக்கெட் எடுத்து பிரிச்சு, கவர் எடைய கழிச்சு, தூளோட எடைய மட்டும் காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெச்சேன்:

198.3, 200.7, 199.0, 197.6, 201.1, 199.6, 198.1, 200.3, 198.9, 198.4

சராசரி 199.2 வருது. ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது பாக்கெட்டுங்க சராசரில இருந்து எவ்வளவு சிதறுதுங்கற அளவு, 1.18. இது வரைக்கும் பிரச்சனை இல்லீங்க. இதுக்கு மேல தான் குழப்பம். காலேஜ்ல எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பேப்பர் இருந்துச்சு, தமிழ் மீடியம், இன்மைக் கருதுகோள் (மெஷின் சரியா 200 போடுதுங்கறது) மாற்றுக் கருதுகோள் (போடலைங்கறது)னு படிச்சது ஞாபகம் இருக்கு. அந்த ஞாபகத்துல 0.8 கிராம் குறைவ திட்டப் பிழை 0.374ஆல (டீவியேஷனை 10ஓட வர்க்கமூலத்தால வகுத்தது) வகுத்தா மைனஸ் 2.14 வந்துச்சு. குறிய விட்டுட்டுப் பாத்தா 5 சதவீத எல்லை 1.96ஐ விட பெருசு, அதனால மெஷின் 200 போடலைன்னு முடிவு பண்ணினேன். ஆனா எக்செல்ல ஒரு வீடியோ பாத்து டி டெஸ்ட் போட்டா பி வேல்யூ (மெஷின் சரியா இருந்தும் இவ்வளவு விலகல் தற்செயலா வர வாய்ப்பு) 0.061 வருது, 0.05க்கு மேல, அதனால இன்மைக் கருதுகோள ரிஜெக்ட் பண்ணக்கூடாதாம். அதுலயே ஒரு பக்க டெஸ்ட்னு (குறைவு பக்கம் மட்டும் பாக்கறது) மாத்தினா 0.03 வருது, ரிஜெக்ட் பண்ணலாமாம். ஒரே 10 பாக்கெட், மூணு பதில்.

முதலாளிகிட்ட 0.061ஐ காட்டினேன், அவரு "அப்ப மெஷின் சரியா இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சுல்ல, விடு"ன்னுட்டாரு. எனக்கு மனசு ஒப்பலைங்க. 100 பேர் காசு குடுத்து வாங்கற பொருள். யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்க.

டேட்டா_தம்பி:

ப்ரோ சிம்பிள். 1.96 தப்பு, அத விட்ருங்க, அது பெரிய சாம்பிளுக்கு. டி டெஸ்ட்ல ஒரு பக்கம் எடுங்க, 0.03 வருது, ரிஜெக்ட், முதலாளிகிட்ட அதையே காட்டுங்க. குறைவா இருக்கான்னு தானே கேள்வி, அப்ப ஒரு பக்கம் தான் சரி.

கணக்கு_டீச்சர்_திருச்சி:

டேட்டா தம்பி சொன்ன விடை சரியா இருக்கலாம், ஆனா அதுக்கு சொன்ன வழியில ஒரு குழி இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல 1.96 ஏன் கூடாதுன்னு பாத்துடலாம், ஏன்னா இத நான் இருபது வருஷமா கிளாஸ்ல நடத்துறேன், பிள்ளைங்க பாதிப் பேர் இங்கதான் வழுக்குவாங்க.

1.96ங்கற எல்லை எப்ப செல்லும்னா, மெஷினோட உண்மையான ஸ்டாண்டர்ட் டீவியேஷன் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா. உங்களுக்கு தெரியாது. நீங்க அதையும் அதே 10 பாக்கெட்ல இருந்துதான் கண்டுபிடிச்சீங்க, 1.18னு. இன்னொரு 10 பாக்கெட் எடுத்திருந்தா 0.9 வந்திருக்கும், இல்ல 1.5 வந்திருக்கும். அளக்குற கோலே கொஞ்சம் நீளுது கொஞ்சம் சுருங்குது, அப்படிப்பட்ட கோலை வெச்சு அளந்தா வேலிய கொஞ்சம் தள்ளித்தான் போடணும். 10 பாக்கெட்டுக்கு அந்த வேலி 2.262. அஞ்சே பாக்கெட்னா 2.776க்கு போயிடும், 30 பாக்கெட்னா 2.045க்கு வந்துடும், அதுக்கு மேல போகப் போக 1.96ஐ நெருங்கும். உங்க 2.14 வேலிக்கு உள்ளயே நிக்குது, அதனால தான் எக்செல் 0.061னு சொல்லுச்சு.

இத கண்டுபிடிச்சவரும் உங்கள மாதிரி ஃபேக்டரி ஆளு தான்ப்பா, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. வில்லியம் கோசெட்னு பேரு, அயர்லாந்துல டப்ளின் நகரத்துல கின்னஸ் பீர் ஃபேக்டரியில 1899ல வேலைக்கு சேந்தவர். பார்லி, ஹாப்ஸ், இதெல்லாம் சோதிச்சுப் பாக்கணும், ஆனா ஒவ்வொரு சோதனைக்கும் நாலஞ்சு அளவு தான் கிடைக்கும். அப்ப இருந்த கணக்கெல்லாம் பெரிய சாம்பிளுக்குத்தான். அவர் என்ன பண்ணாருன்னா 3000 கைதிகளோட உயரம், நடு விரல் நீளம் பதிவான ஒரு பழைய பட்டியல் இருந்துச்சு, அத 3000 அட்டையில எழுதி நல்லா கலைச்சு, நாலு நாலா பிரிச்சு 750 சின்ன சாம்பிளாக்கி, ஒவ்வொண்ணுக்கும் சராசரி எவ்வளவு தள்ளி விழுதுன்னு பாத்து தன்னோட கணக்க சரி பாத்தாரு. கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கையால. 1908ல அந்தக் கட்டுரை வெளியாச்சு, கம்பெனி ஆளுங்க சொந்தப் பேர்ல எழுதக்கூடாதுன்னு இருந்ததால "ஸ்டூடண்ட்"ங்கற புனைபேர்ல. அதனால தான் இன்னைக்கும் ஸ்டூடண்ட்ஸ் டி டெஸ்ட்னு சொல்றோம்.

இப்ப டேட்டா தம்பி சொன்னதுக்கு வரேன். ஒரு பக்கமா ரெண்டு பக்கமாங்கறத பாக்கெட்ட எடை போடறதுக்கு முன்னாடி முடிவு பண்ணியிருக்கணும். எண்ணைப் பாத்துட்டு, ஓ குறைவா இருக்கு, அப்ப குறைவு பக்கம் மட்டும் பாப்போம்னு திரும்பினா, நாளைக்கு கூடுதலா வந்தா கூடுதல் பக்கம் திரும்புவீங்க. 5 சதவீதம்னு பேச்சு, ஆனா ரெண்டு பக்கமும் 5 சேந்து நிஜத்துல 10 சதவீதம் தப்புக்கு கதவு திறந்து வெச்ச மாதிரி ஆயிடும். அதனால ஈரோட்டுத் தம்பி, நீங்க ஏன் அந்த 10 பாக்கெட்ட எடுத்தீங்க? என்ன தெரிஞ்சுக்கணும்னு எடுத்தீங்க? அத சொல்லுங்க.

மஞ்சத்தூள்_ஈரோடு:

டீச்சர் ரொம்ப நன்றிங்க, கைதிங்க விரல் நீளம் கதைய ரெண்டு தடவ படிச்சேன். ஏன் எடுத்தேன்னா, கோபிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர் ஃபோன் பண்ணி, "உங்க பாக்கெட்டு எடை கம்மியா இருக்குன்னு ஒரு அம்மா தராசுல வெச்சுக் காட்டிட்டுப் போறாங்க"ன்னு சொன்னாருங்க. அதுக்கு அப்புறம் தான் எடுத்தேன். கூடுதலா இருக்குமோங்கற நினைப்பே எனக்கு வரலைங்க.

கணக்கு_டீச்சர்_திருச்சி:

அப்ப ஒரு பக்கம் தான் உங்க கேள்வி, எண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடியே திசை முடிவாயிடுச்சு, நியாயமா 0.03 உங்களோடது. ஒரு பக்க வேலி 1.833, உங்க 2.14 அத தாண்டிடுச்சு. டேட்டா தம்பி, உன் விடை சரி தான், காரணம் இது.

ஆனா 0.03 வந்துடுச்சுன்னு மேளம் அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க முதலாளி சொன்னத பேசியே ஆகணும். "0.061, அப்ப மெஷின் சரி"ன்னு சொன்னாருல்ல, அது தான் இந்த மொத்த விஷயத்துலயும் அதிகமா நடக்கிற தப்பு. டெஸ்ட் அப்படி சொல்லவே இல்ல. மெஷின் நிஜமாவே 200ல ஓடுதுன்னு வெச்சுக்கிட்டா, இந்த மாதிரி 10 பாக்கெட் எடுக்கறப்ப இவ்வளவு தூரமோ இதுக்கு மேலயோ ஏதாச்சும் ஒரு பக்கம் விலகுறது நூத்துல ஆறு தடவ நடக்கும், அவ்வளவு தான் 0.061க்கு அர்த்தம். மெஷின் சரியா இருக்க 6 சதவீதம் வாய்ப்புன்னும் அர்த்தமில்ல, 94 சதவீதம் தப்புன்னும் அர்த்தமில்ல. திருடன்னு நிரூபிக்க சாட்சி பத்தலைன்னு கோர்ட்டு விட்டா அவன் திருடலைன்னு ஆயிடாதுல்ல?

இத அவருக்கு எப்படி காட்டலாம்னா, பி வேல்யூவ மறந்துட்டு ஒரு இடைவெளியா சொல்லுங்க. 199.2க்கு ரெண்டு பக்கமும் 2.262 பெருக்கல் 0.374, அதாவது 0.85. ஆக 198.35ல இருந்து 200.05 வரைக்கும். உங்க மெஷினோட உண்மையான சராசரி இந்த எல்லைக்குள்ள எங்க வேணா இருக்கலாம்னு தான் டேட்டா சொல்லுது. 200 அந்தக் கோட்டோட கடைசி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணரை கிராம் குறைவும் அதே கோட்டுக்குள்ள தான் இருக்கு. இதப் பாத்து யாராச்சும் மெஷின் சரின்னு சொல்வாங்களா?

இன்னொண்ணு. 10 பாக்கெட்டுங்கறது ரொம்ப கம்மி. மெஷின் நிஜமாவே அரை கிராம் குறைச்சுப் போடுதுன்னு வைங்க, உங்க டீவியேஷன் 1.2 கிட்ட இருக்கறப்ப 10 பாக்கெட் டெஸ்ட்ல அது மூணுல ஒரு தடவ தான் மாட்டும். மிச்ச ரெண்டு தடவையும் "ரிஜெக்ட் பண்ண முடியல"ன்னு வரும், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க. அரை கிராம் குறைவ பத்துல ஒன்பது தடவ பிடிக்கணும்னா கிட்டத்தட்ட 50 பாக்கெட் வேணும். எத்தனை பாக்கெட்டுங்கறத, எவ்வளவு குறைவ விடக்கூடாதுங்கறத வெச்சு முன்னாடியே கணக்குப் போடணும், கைக்கு வந்தத எடுக்கறதில்ல.

பேக்கிங்_சூப்பர்வைசர்:

டீச்சர் சொன்ன கணக்குல நான் குறுக்க வரல, எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனா தம்பி, அந்த 10 பாக்கெட்ட எப்படி எடுத்தீங்க? வரிசையா விழுந்தத அள்ளிட்டு வந்தீங்களா? அப்படின்னா அந்த 10ம் ஒரே நேரத்துப் பாக்கெட். பவுடர் மெஷின்ல நான் 20 வருஷம் நின்னவன், சொல்றேன் கேளுங்க, ஹாப்பர் நிறைய இருக்கறப்ப தூளோட பாரத்துல கீழ இருக்கறது நல்லா அமுங்கி இறங்கும், ஸ்க்ரூ அதே சுத்து சுத்தினாலும் எடை கூட விழும். ஹாப்பர் பாதிக்குக் கீழ போச்சுன்னா தூள் லூசா இறங்கும், காத்தோட, எடை குறையும். அதனால நீங்க எந்த நேரத்துல எடுத்தீங்களோ அந்த நேரத்து சராசரி தான் உங்ககிட்ட இருக்கு, மெஷினோட சராசரி இல்ல.

அப்புறம் தராசு. முத்திரை போட்ட தராசா? 200 கிராம் படிக்கல்ல தட்டுல வெச்சு பாத்தீங்களா? தராசே அரை கிராம் கம்மியா காட்டுச்சுன்னா 50 இல்ல 500 பாக்கெட் போட்டாலும் அந்த அரை கிராம் அப்படியே இருக்கும், எந்த டெஸ்ட்டுக்கும் அது தெரியாது. காலி கவரையும் ஒண்ண மட்டும் எடை போட்டு எல்லாத்துக்கும் கழிக்காதீங்க, ரோலுக்கு ரோல் வித்தியாசம் இருக்கும், ஒரு பத்துக் கவராச்சும் எடை போட்டு சராசரி எடுங்க.

சட்டத்துலயும் ரெண்டு விஷயம் இருக்கு, 2011ல வந்த பாக்கெட் பொருள் எடையளவு விதி. 200 கிராம் பாக்கெட்ல தனிப்பட்ட ஒரு பாக்கெட்டு 9 கிராம் வரைக்கும் குறையலாம்னு விட்டு வெச்சிருக்கு, உங்க 197.6 எல்லாம் அதுல ஒண்ணுமே இல்ல. ஆனா எடுத்த சாம்பிளோட சராசரி கவர்ல போட்ட எடைக்குக் கீழ போகக்கூடாது. அதனால ஒவ்வொரு பாக்கெட்டும் எல்லைக்குள்ள இருக்குன்னு சொல்லி தப்பிக்க முடியாது, சராசரிதான் பேசும்.

கணக்கு_டீச்சர்_திருச்சி:

சூப்பர்வைசர் சார் சொன்னது தான் இந்தத் திரியிலயே முக்கியமான பதில். டி டெஸ்ட்டுக்கு அடித்தளமே ஒவ்வொரு பாக்கெட்டும் மத்தத சாராம தனியா இருக்கணுங்கறது தான். வரிசையா 10 எடுத்தா அது உடைஞ்சு போகும், பேருக்கு 10, உள்ளுக்குள்ள ரெண்டு மூணு பாக்கெட்டோட விஷயம் தான் இருக்கும். தம்பி, ஒரு ஷிஃப்ட் முழுக்க மணிக்கு அஞ்சு பாக்கெட் வீதம் எடுங்க, பத்து மணி நேரத்துக்கு 50. ஒவ்வொரு தடவையும் ஹாப்பர்ல தூள் எங்க நிக்குதுன்னு பக்கத்துலயே குறிச்சுக்குங்க. எடுக்கறதுக்கு முன்னாடி இப்பவே இங்க எழுதி வெச்சிடலாம்: இன்மைக் கருதுகோள் சராசரி 200, மாற்று 200க்குக் கீழ, 5 சதவீதம். அப்புறம் மாத்தப் பேச்சில்ல.

டேட்டா_தம்பி:

டீச்சர், நான் எண்ணைப் பாத்துட்டு பக்கத்த செலக்ட் பண்ணச் சொன்னது தப்பு தான், புரிஞ்சுது. ஆஃபீஸ்ல நாங்க பண்ற டெஸ்ட்லயும் இதே தான் நடக்குது, ரிசல்ட் பாத்துட்டுத்தான் எல்லாரும் ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு பேசுவாங்க. திங்கக்கிழமை மீட்டிங்ல சொல்றேன்.

மஞ்சத்தூள்_ஈரோடு:

நாலு நாள் ஆயிருச்சு, மன்னிச்சுக்குங்க. சூப்பர்வைசர் அண்ணா, நீங்க கேட்டது நிஜம், அந்தப் பத்தையும் சாயங்காலம் ஷிஃப்ட் முடியறப்ப வரிசையா எடுத்தேன், ஹாப்பர் எங்க நின்னுச்சுன்னு கூட பாக்கலைங்க.

முதல்ல படிக்கல் வெச்சேன், மூணு தடவ வெச்சேன், 200.0, 200.0, 199.9. தராசு நல்லா இருக்குங்க. பத்துக் கவர் எடை போட்டு சராசரியத்தான் கழிச்சேன். அப்புறம் நேத்து காலைல 8 மணில இருந்து மணிக்கு அஞ்சு, கையில ஸ்கெட்ச் பேனாவோட ஹாப்பர் பக்கத்துலயே நின்னேன், சட்டையெல்லாம் மஞ்சளாப் போச்சு. மணிவாரியா சராசரி இது.

ஹாப்பர் பாதிக்கு மேல இருந்தப்ப: 200.3, 199.5, 200.1, 199.2, 199.9, 199.8
பாதிக்குக் கீழ இருந்தப்ப: 199.3, 198.4, 198.9, 198.6

மொத்தம் 50க்கும் சராசரி 199.4, டீவியேஷன் 1.3. டி போட்டா மைனஸ் 3.26 வருது. 50 பாக்கெட்டுக்கு ஒரு பக்க வேலி 1.677ன்னு டேபிள்ல பாத்தேன், ரொம்பத் தாண்டிருச்சுங்க. இப்ப நான் ரிஜெக்ட்னு தைரியமா சொல்லலாமுங்களா? 4000 பாக்கெட்டுக்கு 0.6 கிராம்னா ஒரு நாளைக்கு 2.4 கிலோ மஞ்சத்தூள் ஜனங்களுக்குப் போகாம நம்மகிட்டயே நிக்குது. அத நினைச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்கு.

கணக்கு_டீச்சர்_திருச்சி:

அருமையா பண்ணியிருக்கீங்க தம்பி. சொல்லலாம். இருந்தாலும் ஒரு சந்தேகத்தையும் தீத்துடுவோம், யாராச்சும் கேட்டா பதில் இருக்கணும். ஒரே மணி நேரத்துல எடுத்த அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் இருக்கும், அதனால 50ன்னு எண்ணாம பத்து மணியோட பத்து சராசரிய மட்டும் பத்து எண்ணா வெச்சுப் பாருங்க. அந்தப் பத்தோட சராசரியும் 199.4 தான், டீவியேஷன் 0.64, திட்டப் பிழை 0.2, டி கிட்டத்தட்ட மைனஸ் 3. ஒரு சதவீத வேலியே 2.821 தான், அதையும் தாண்டிடுச்சு. ரொம்பக் கறாரா பாத்தாலும் விடை மாறல.

முதலாளிகிட்ட பி வேல்யூவ காட்டாதீங்க. அந்த ரெண்டு வரிய காட்டுங்க. ஹாப்பர் மேல இருந்தா 199.8, கீழ போனா 198.8. ஒரு கிராம் வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு அவருக்கே தெரியும்.

பேக்கிங்_சூப்பர்வைசர்:

தம்பி, அவரு உடனே சொல்வாரு, "சரி ஒரு கிராம் ஏத்தி 201க்கு செட் பண்ணு"ன்னு. ஏத்தினா கூடுதலா 4 கிலோ தினமும் போகும், ரெண்டு மாசத்துல கணக்குப் பாத்துட்டு திரும்ப இறக்கச் சொல்வாரு, நான் பாத்திருக்கேன். அதுக்கு ஹாப்பர பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க. மூட்டை கொட்டற ஆளுக்கு ஹாப்பர் கண்ணாடில செவப்புக் கோடு ஒண்ணு போட்டுக் குடுங்க, தூள் கோட்டத் தொட்டா அடுத்த மூட்டை. அப்புறம் எடைய அரை கிராமோ முக்கா கிராமோ ஏத்தினா போதும்.

மஞ்சத்தூள்_ஈரோடு:

காட்டினேனுங்க. தாளையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாரு. "கீழ போறப்ப எல்லாம் இப்படியா?"ன்னு மட்டும் கேட்டாரு, அப்புறம் அவரே வந்து ஹாப்பர்ல எட்டிப் பாத்தாரு. செவப்பு டேப் ஒட்டியாச்சு அண்ணா. எடைய 0.6 ஏத்தியிருக்கோம். கோபிக் கடைக்காரருக்கும் ஃபோன் பண்ணி, அந்த அம்மா சொன்னது நிஜந்தான், சரி பண்ணிட்டோம்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் மறுபடி 50 எடுத்து, பழைய 50ஓட சேத்து 100ஆ டெஸ்ட் போடலாமுங்களா டீச்சர்?

கணக்கு_டீச்சர்_திருச்சி:

சேக்காதீங்க. பழைய 50 பழைய மெஷினோடது, நீங்க ஹாப்பரையும் மாத்திட்டீங்க எடையையும் மாத்திட்டீங்க, இது வேற முழுமைத் தொகுதி, அதாவது சாம்பிள் எடுக்கற மொத்தக் கூட்டமே வேற. புதுசா 50, அதே மாதிரி மணிக்கு அஞ்சு. இந்தத் தடவ ரெண்டு பக்கமும் பாருங்க, கூடுதலா போறதும் உங்க முதலாளிக்கு இப்ப கேள்வி தானே. அத எடுக்கறதுக்கு முன்னாடி இங்க வந்து எழுதிடுங்க.